மூன்றாம் வீட்டு மாடு

கூட்டுறவு வங்கித் தலைவர் முத்துவேலப்பனின் மைத்துனர்கள் மூன்று பேரும் கறவை மாட்டுக் கடன் வாங்கியிருந்தார்கள். மாடுகளைப் பார்த்து வரக் கிளம்பினாள், கோடைப் பயிற்சிக்கு வந்திருந்த வேளாண் கல்லூரி மாணவி மதிவதனி. தலைவரும் ஒட்டிக்கொண்டார்.

"மூணு மாடும் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடு பாப்பா. இல்லேன்னா உன் பயிற்சிச் சான்றிதழை மறந்துடு."

முதல் வீட்டு மாட்டுக்கு அவள் பையிலிருந்து ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். அடுத்த வீடுகளிலோ காபி, பலகாரம் என்று வாசலிலேயே உட்காரவைத்துவிட்டுத்தான் கொல்லைக்கே விட்டார்கள். மூன்றாவது வீட்டில், மூச்சிரைக்க நின்றிருந்த மாடு அவள் பைக்குள் மூக்கை நுழைத்தது.

"எழுதிடறேன் ஐயா," என்றாள் மதிவதனி. "ஆனா, முதல் வீட்டுல பழம் தின்ன மாடு இங்க வந்து மிச்சத்தைக் கேக்குதே, அதையும் எழுதிடவா?"