கோழி நிமிர்ந்து பார்ப்பது யாரை

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் வாய்விட்டுப் பேசிய காலத்தில், மூன்று வருடம் மழை பொய்த்தது. காட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எருமை கொம்பால் மண்ணைக் குத்திப் பெயர்த்தது. பன்றி மூக்குத் தோல் உரிய உரியக் கிளறியது. நாற்பது நாள் தோண்டிய பிறகு ஊற்று கண் திறந்தது. பள்ளம் குளமாயிற்று.

குளம் நிறைந்த மறுநாள் பட்டத்து யானை வந்தது. தோண்டிய நாற்பது நாளில் ஒரு நாள்கூட அதன் நிழல் அந்தப் பக்கம் விழவில்லை. வந்ததும் குளத்தில் இறங்கி நின்றுகொண்டு, தன் பாதம் இந்தக் காட்டில் பட்டதால்தான் ஊற்று சுரந்தது என்றது. மறுத்துப் பேச யாருக்கும் துணிவில்லை. மிதிபட்டால் எலும்பு மிஞ்சாது. எருமையும் பன்றியும் சேற்று உடம்போடு இறங்கினால் தண்ணீர் கெட்டுவிடுமாம். இரண்டையும் கரைமேட்டில் நிறுத்திவிட்டது. அந்தச் சேறு எப்படி ஒட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

யானைக்குக் காரியம் பார்த்தது மாடப்புறா. அது ஒரு சட்டம் போட்டது. குடிப்பவர் யானையின் காலடியில் தலை குனிய வேண்டும். குடித்து முடிக்கும்வரை தலையை எடுக்கக் கூடாது. மனதுக்குள் யானைக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தால் நோய் அண்டாது, மகிழ்ச்சி பெருகும் என்று புறா பொழுதெல்லாம் ஓதியது. நன்றியாம்! பயந்து கொடுப்பதற்குப் பெயர் வரி.

செவலைக் கோழிக்கு ஏழு குஞ்சுகள். குனிந்தபடியே அள்ளிய தண்ணீர் தொண்டையில் இறங்காமல் அலகோரம் வழிந்து கொட்டியது. தண்ணீரில் நின்றபடியே இரண்டு குஞ்சுகள் தாகத்தில் செத்தன. மூன்றாவது குஞ்சு கண் செருகிக் கிடந்தது. கோழி புறாவிடம் போய் முறையிட்டது.

"உன் மனசுல நன்றி பத்தல, செவலை. அதான் சீக்கு," என்றது புறா. "என்னைப் பாரு. குனிஞ்சேதான் குடிக்கிறேன். கொழுகொழுன்னு இல்ல?"

"யானை சிந்துற கவளம் எனக்கும் கிடைச்சா நானும் கொழுப்பேன்."

கோழி, சாகக் கிடந்த குஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு நேரே குளத்தில் இறங்கியது. ஒரு வாய் அள்ளியது. அத்தனை பேரும் பார்த்திருக்க, தலையை நிமிர்த்திக் கரைமேட்டைப் பார்த்தது.

"எருமையண்ணே, இது நீ தோண்டின தண்ணி. நீ நல்லா இருக்கணும்."

நிமிர்ந்ததும் தண்ணீர் தொண்டையில் இறங்கியது. உடம்பெல்லாம் குளிர்ந்தது. மறுபடி குனிந்து அள்ளி நிமிர்ந்தது. பன்றியண்ணனின் மூக்குப் புண் ஆற வேண்டும் என்றது. அந்த வாயும் இறங்கியது. தாயைப் பார்த்துக் குஞ்சும் அள்ளி நிமிர்ந்தது. செருகிய கண் திறந்தது. நாற்பது நாள் பட்ட பாட்டுக்கு முதன்முதலாக ஒரு நல்ல சொல் கேட்ட எருமை, நின்ற இடத்திலேயே அழுதது.

யானை துதிக்கையை ஓங்கியது. "யாரைக் கேட்டுத் தலையை எடுத்த?"

"தலை என்னோடது, ஐயா. நன்றியும் என்னோடது. அதை வாங்க வேண்டியவங்க மேட்டுல நிக்கிறாங்க."

இனி இந்தக் குளம் உனக்கு இல்லை என்று யானை விரட்டியது. குடித்துக்கொண்டிருந்த மானும் முயலும் தலையைக்கூட எடுக்கவில்லை. கோழி மிஞ்சிய ஐந்து குஞ்சுகளையும் உயிரோடு நடத்திக்கொண்டு வெளியேறியது.

அன்று முதல்தான் கோழி சாக்கடை ஓரத்திலும் உடைந்த சட்டியிலும் தண்ணீர் தேடிக் குடிக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வாய்க்கும் தலை நிமிர்ந்து, தோண்டியவர்களை நினைத்துத்தான் விழுங்குகிறது. புறா கோபுரத்தில் குடியிருக்கிறது; தண்ணீரில் வைத்த தலையை, குடித்து முடிக்கும்வரை இன்றும் எடுப்பதில்லை.