சரிவை மறித்த அழுங்கு

மருதங்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதற்கு மேலே புல் போர்த்திய சரிவு. அந்தப் புல்லுக்கு அடியில் உவர்மண் இருப்பதைக் காட்டுப்பன்றிகள் ஒருநாள் மோப்பம் பிடித்தன. உப்புக்கு ஏங்காத விலங்கு ஏது? கூட்டத்தின் தலைவன் கரும்பிடரி துள்ளிக் குதித்தான்.

"நாளையே தோண்டுவோம்! காடே நம்மைத் தேடி வரும்!"

விடிந்ததும் பன்றிகள் சரிவுக்கு வந்தன. புல்லுக்கு அடியில், ஓரிடத்தைத் தவிர மற்றதெல்லாம் பாறை. அந்த ஓரிடத்தில் செதிலி என்னும் அழுங்கு அமர்ந்திருந்தாள். அவளும் மண்ணைத் தோண்டி, எறும்பு தின்று பிழைப்பவளே.

"விலகடி, எறும்புதின்னி!"

"விலகுகிறேன். தோண்டும் மண்ணை எங்கே கொட்டுவாய்? குழியை எப்போது மூடுவாய்? அதை முதலில் சொல்."

"முதலில் உப்பு! மற்றதெல்லாம் பிறகு!"

"கிழக்குச் சரிவிலும் இதையேதான் சொன்னாய். மழை வந்தது. நீ குவித்த மண் சரிந்து, கீழே இருந்த சுனையை மூடியது. இனி இந்தக் காட்டுக்கு இருப்பது இந்த ஒரு குளம்தான்!"

"நீ என்ன, குளத்துக்கு மாமியாரா?"

பன்றிகள் விழுந்து விழுந்து சிரித்தன. செதிலி தடித்த வேர் ஒன்றை வளைத்துப் பிடித்து, பந்துபோல இறுகிக்கொண்டாள்.

கரும்பிடரி முட்டினான், மோதினான். செதில்கள் அவன் மூக்கைக் கிழித்தன.

"தலைவரே, மூக்கா அது, பூசணிக்காயா?" என்று குளத்திலிருந்து தவளைகள் கூவின.

இரண்டு நாள் கழிந்தது. "பட்டினியால் சாவாய்!" என்று உறுமினான் கரும்பிடரி.

"சாவேன். விலக மாட்டேன்!"

மூன்றாம் நாள், நெடுமூக்கி என்னும் பெண்பன்றி கூட்டத்தை விட்டு வந்து செதிலியின் அருகில் படுத்தாள்.

"நீயுமா?"

"கிழக்குக் குழி இன்னும் வாய் பிளந்து கிடக்கிறது, அண்ணா. அதில் விழுந்துதான் என் மகன் காலை ஒடித்துக்கொண்டான். இவளைத் தள்ளுவதானால் என்னையும் தள்ளுங்கள்!"

மற்றப் பன்றிகளும் ஒவ்வொன்றாக வந்து படுத்தன. கரும்பிடரி தனியே நின்றான்.

"சரி, உன் வழியைச் சொல்லித் தொலை!"

செதிலி மெல்ல விரிந்தாள். "கிழக்குக் குழியை மூடுங்கள். பிறகு குளத்துக்கு மேலே கரை எழுப்புங்கள். இங்குள்ள புல்லை வேரோடு பெயர்த்து நிழலில் வையுங்கள். ஒரு குழி தோண்டுங்கள். அதை மூடி, மேலே புல்லைப் பதித்த பிறகே அடுத்த குழி!"

பன்றிகள் முணுமுணுத்துக்கொண்டே அப்படியே செய்தன. உப்பு நாவில் படப் பத்து நாள் ஆயிற்று. பதினோராம் நாள் பெருமழை கொட்டியது.

மழை விட்டதும் கரும்பிடரி குளத்துக்கு ஓடினான். அடியில் கிடந்த கூழாங்கல்லும் தெரியும்படி தண்ணீர் தெளிந்திருந்தது. வயிறு நிறையக் குடித்துவிட்டு, செதிலியிடம் வந்தான்.

"அடுத்த குழியைத் திறக்கலாமா?"

"முந்தைய குழியின்மேல் புல் வேர் பிடித்துவிட்டதா?"

கரும்பிடரி அதைப் பார்த்து வரச் சரிவில் ஏறினான்.

மூடும் வழியை முன்னரே வகுக்காதவருக்கு மண்ணைத் திறக்கும் உரிமை இல்லை.