அமுதிக்குப் பெயர் வைத்தவள்

நெடுங்காலத்துக்கு முன்னே, மலைகளும் காது கொடுத்துக் கேட்ட நாளிலே, வல்லக்கோடு என்றொரு நாடு இருந்தது. அதன் அரசன் கீழைநாட்டு ஊர்களைக் கொளுத்தி, வென்று திரும்பினான். மாண்ட தன் வீரர்களுக்குக் குளக்கரையில் நடுகற்கள் நட்டான். கல்லுக்கு மாலை, கல்லுக்குக் கள், கல்லுக்கு மயிற்பீலி. தீயில் வெந்த ஊராரைப் பற்றிப் பேசினால் நாக்கை அறுப்பேன் என்றான். ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது. மனிதர் நிழல் காலடிக்குள் ஒடுங்கும் நேரம். குளத்திலிருந்து ஆளில்லாத நிழல்கள் ஊர்ந்து வந்தன. குடம் சுமந்த நிழல், கோல் ஊன்றிய நிழல், தவழக்கூடத் தெரியாத நிழல். அவை பற்றிக்கொண்ட கால்கள் கல்லாயின.

உப்பு விற்கும் மருதாயியின் தங்கை செங்காவைக் குளக்கரையிலேயே ஒரு சின்னஞ்சிறு நிழல் பற்றிக்கொண்டது. முதல் நாள் கணுக்கால் கல்லானது. இரண்டாம் நாள் இடுப்பு.

"இனிமே முள்ளு குத்தினாலும் தெரியாதுக்கா," என்று சிரித்தாள் செங்கா. சிரித்துக்கொண்டே அக்காவின் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள்.

"மாண்ட நம் வீரர்களுக்குப் பசி! நடுகற்களுக்கு இன்னும் கள் ஊற்றுங்கள்!" என்றான் அரண்மனை மந்திரவாதி. ஊற்றினார்கள். நிழல்கள் இரண்டு மடங்காயின.

மூன்றாம் நாள் கல் செங்காவின் கழுத்துக்கு ஏறியது. மருதாயி குளக்கரைக்கு ஓடிவந்து அந்த நிழல்களை உற்றுப் பார்த்தாள். போருக்கு முன் கீழைநாட்டுத் தெருக்களில் வீடு வீடாக உப்பு விற்றவள் அவள். அந்த நடை தெரிந்த நடை.

"நீ வள்ளக்காதானே? எப்பவும் ஒரு கை கொசுறு கேப்பியே!"

குடம் சுமந்த நிழல் நின்றது. விம்மியது. அது பற்றியிருந்தவனின் கால் மீண்டும் காலானது.

"கோல் வச்சிருக்கிறது பொத்தையன் மாமா!"

அந்த நிழலும் பிடியை விட்டது.

அரசன் பாய்ந்து வந்தான். "எதிரிகளை என் குளக்கரையில் பெயர் சொல்லி அழைக்கிறாயா? அறுங்கள் அவள் நாக்கை!"

காவலன் கத்தியோடு நெருங்கினான். மருதாயி சின்ன நிழலருகே மண்டியிட்டாள்.

"உன் பேரென்ன கண்ணு?"

வள்ளக்காவின் நிழல்தான் பேசியது. "அது என் மக. பதினாறாம் நாள் பேரு வைக்க இருந்தோம். பதினோராம் நாள் தீ வந்துருச்சு. காதுல பேரு சொல்ல வேண்டிய அத்தையும் வெந்துட்டா."

"அக்..." என்ற செங்காவின் குரல் பாதியில் நின்றது.

"அத்தையா நான் இருக்கேன்," என்றாள் மருதாயி. பிடரியில் கத்தி சில்லிட்டது. அவள் நிமிரவில்லை. நிழலின் காதில் மூன்று முறை சொன்னாள்.

"அமுதி. அமுதி. அமுதி."

கத்தி மண்ணில் விழுந்தது. "அந்தத் தெருவில் தீப்பந்தம் எறிந்தவன் நான்," என்று காவலன் முகத்தை மூடிக்கொண்டான்.

சின்ன நிழல் தாயின் இடுப்பில் ஏறிக்கொண்டது. கல் வெடித்தது. "ஐயோ, தரை சுடுதுக்கா!" என்று துள்ளினாள் செங்கா.

மிச்ச நிழல்களெல்லாம் அரசனைச் சூழ்ந்தன. "எங்களில் ஒருவர் பெயராவது சொல்!"

அவனுக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. முழங்கால் கல்லானது. மார்பு கல்லானது. "சொல்லிக் கொடு தாயே!" என்று அலறினான்.

மருதாயி சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிழல் கரைந்தது. பொழுது சாயும்போது அவன் கால்கள் அசைந்தன.

"முடிந்ததா?" என்றான்.

"நான் உப்பு வித்த தெருக்கள் முடிஞ்சுது. நான் போகாத தெருக்கள் நிறைய. அங்கே பிழைச்சுக் கிடக்கிறவங்ககிட்ட நீங்கதான் நடந்து போய்க் கேக்கணும்."

கேட்டவர்களே, அரசன் முடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிழக்கே நடந்தான். எரியாமல் எஞ்சிய முதல் வீட்டுக் கதவைத் தட்டி, "இங்கே மாண்டவர் பெயரைச் சொல்லுங்கள்," என்று கேட்டான்.