குருவி நுழையாத கேட்

'குருவி' என்ற மலிவுக் கார் விற்றுப் பெரிய ஆளான தணிகாசலம், பணக்காரர்களுக்கென்று 'மகுடம்' என்ற பெயரில் தனியாகச் சொகுசுக் கார் இறக்கினார்.

"ரெண்டும் ஒரே கம்பெனின்னு எவனாவது வாயைத் திறந்தா வேலை போயிடும். இந்த கேட்டுக்குள்ள ஒரு குருவி வரக்கூடாது" என்று புது ஷோரூம் வாட்ச்மேன் சவரிமுத்துவிடம் உறுமினார்.

திறப்பு விழாவுக்கு அவர் ஏறி வந்த மகுடம் பாதி வழியில் நின்றுபோனது. கிடைத்த குருவியில் வந்து சேர்ந்தார். சவரிமுத்து கேட்டைத் திறக்கவில்லை.

"நான் யாருன்னு தெரியுமாய்யா?"

"தெரியாதுங்க சார்."

"ரெண்டு கம்பெனிக்கும் நான்தான்யா முதலாளி!"

விருந்தாளிகள் மொத்தப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சவரிமுத்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"மெதுவாப் பேசுங்க சார். யார் காதுலயாவது விழுந்தா வேலை போயிடும்."