கலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டது யாரிடம்?

புதிர் என்றதும் ஓர் இளவரசியும் அவளுக்காக வாள் உருவும் மூன்று வீரர்களும் வருவார்கள் என்று சாய்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். இதில் வருவது காங்கேயத்துக்காரி கலாமணியும் அவளுடைய கர்ப்பப்பையும்தான். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

கலாமணிக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள். மாதத்தில் பாதி நாள் உதிரம் கொட்டியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. உதடு வெளுத்துப்போய், கண்ணாடி பார்க்கவே பயந்தாள். மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஊசிக்குச் சுருங்கிய கட்டிகள் ஊசியை நிறுத்தியதும் பழையபடி வளர்ந்தன. இனி அவளுக்கு இரண்டே வழிகள் என்றார் டாக்டர் வசுமதி. கட்டிகளை மட்டும் எடுக்கலாம். பை மிஞ்சும், பிள்ளைக்கும் கொஞ்சம் நம்பிக்கை மிஞ்சும். ஆனால் அறுக்கும்போது ரத்தம் கட்டுக்கு அடங்காமல் போகலாம், கட்டி மறுபடி முளைக்கவும் செய்யலாம். பையையே எடுத்துவிட்டால் உதிரப்போக்கு அன்றோடு தீரும். பிள்ளை ஆசையும் அன்றோடு தீரும். கலாமணி பல நாள் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றாள்.

மனம் விட்டுப் பேச வீட்டில் ஆள் இல்லை. கணவன் நல்லசிவம் கெட்டவன் அல்ல. ஆனால் எதைப் பேசினாலும் கூடத்தில் வைத்துத்தான் பேசுவான். கூடத்தில் எப்போதும் அவன் தாய் ராமாத்தாள் இருப்பாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "பையை எடுத்துட்டா அப்பறம் அவ என்ன பொம்பள" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் சொன்னபோது, ராமாத்தாள் பதிலே பேசாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியாரும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று கலாமணி எடுத்துக்கொண்டாள். பை போனால் தன் இடத்துக்கு இன்னொருத்தி வருவாள் என்ற கிலி அன்றைக்குப் பிடித்தது.

கடைசியில், கட்டிகளை மட்டும் எடுப்பது என்று கூடத்தில் முடிவாயிற்று. ஆபரேஷனுக்கு முன்னால், மாமியார் பக்கத்தில் நிற்க, கலாமணி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, என்ன ஆனாலும் பையை மட்டும் எடுக்க உட்றாதீங்க. சத்தியம் பண்ணிக் குடுங்க."

நல்லசிவம் கலங்கிப்போய் அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

சற்றுப் பிறகு டாக்டர் வசுமதி வந்தார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "இப்பச் சொல்லும்மா. ரத்தம் நிக்கலைன்னா நான் என்ன செய்யட்டும்?"

இத்தனை காலத்தில் யாரும் அவளைத் தனியாக வைத்துக் கேட்டதில்லை. கலாமணி அழுதுவிட்டாள். "எடுத்துருங்க டாக்டரம்மா. நான் உசுரோட இருக்கோணும். வெளில யார் முன்னால கேட்டாலும் மாத்தித்தான் சொல்லுவனுங்க. அதக் கணக்குல வெக்காதீங்க."

"சரி, அப்படியே செய்யறேன்" என்று டாக்டர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அதற்கான கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்.

பயந்ததே நடந்தது. பின்னால் ஒரு நர்ஸ் சொல்லித்தான் கலாமணிக்கு இதெல்லாம் தெரியும். கட்டியை எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. உதவி டாக்டர் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருக்க, வசுமதி கதவைத் திறந்து வெளியே வந்தார். போன வருஷம் இதேபோல் ஒரு பெண்ணுக்குப் பையை எடுத்ததற்கு, அவள் உறவுக்காரர்கள் அந்த ஆஸ்பத்திரியின் கண்ணாடிகளை நொறுக்கியிருந்தார்கள்.

"பையை எடுத்தாகணும். கணவர் சம்மதம் வேணும்."

நல்லசிவம் இரண்டடி பின்வாங்கினான். "சத்தியம் பண்ணீட்டனுங்க. எப்படிங்க எடுக்கச் சொல்றது?"

ராமாத்தாள் அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "எடுத்துப் போடுங்க டாக்டரம்மா! எங்கக்காளும் பெரும்பாட்டுலதான் ரத்தம் கொட்டிச் செத்தா. எனக்கு மருமவ வேணும்!"

"கணவர்தான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

தாயும் மகனும் அங்கேயே வாதாடினார்கள். அவன் தலையில் அடித்துக்கொண்டு "எடுங்க" என்று சொல்வதற்குள், ஏற்றிய ரத்தத்தைவிடப் போன ரத்தம் அதிகமாகிவிட்டது.

கலாமணி பிழைத்தாள். பை போயிற்று. அத்தனை ரத்தம் இழந்ததில் சிறுநீரகங்கள் இரண்டும் செயலற்றுப் போயின. இனி ஆயுள் முழுக்க டயாலிசிஸ் மெஷினோடுதான் அவளுக்கு வாழ்வு.

மூவரும் தனித்தனியே வந்து அவள் கட்டிலருகே அழுதார்கள். சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்திய கணவன், காலம் கடந்து வாய் திறந்த மாமியார், கடைசியில் உயிரை மீட்டுக் கொடுத்த டாக்டர். இருவரோடு கலாமணி பேசினாள். ஒருவரைக் கண்டதும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கெட்டிக்காரர்களே, சொல்லுங்கள்: அவள் மன்னிக்காதது யாரை? அது நியாயந்தானா?

விடை: டாக்டரை. நல்லசிவத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது தாய் இல்லாத இடத்தில் அவளைக் கேட்டிருக்கலாம். ஆனாலும் அவன் கையில் இருந்தது அவள் பயந்து சொன்ன சொல் ஒன்றுதான். அதற்கு அவன் உண்மையாக இருந்தான். ராமாத்தாளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே சரியானதைச் சொன்னாள். வசுமதி திறமைசாலி, நல்ல மனசுக்காரர், கண்ணாடிக்குப் பயந்தார். பயப்படுவது குற்றமில்லை. ஆனால் வெளியே வந்து யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லாதவர் அவர் ஒருவர்தான். அதனால் நியாயந்தான் என்பேன். "உசுரக் குடுத்தவங்ககிட்ட மூஞ்சியத் திருப்பலாமா அம்மிணி?" என்று ராமாத்தாளே ஒருநாள் கேட்டாள். கலாமணி அவளைப் பார்த்துச் சொன்னாள்: "அவங்க ஒருத்தருகிட்டத்தானுங்க அத்தை, நான் நெசத்தச் சொன்னது."