துண்டுக்குள் நாற்பது பீரங்கி

"அக்கா, ரெண்டு பேர்ல எவன் பீரங்கி ஒசத்தி? ஒரு வார்த்தையில சொல்லிடுங்க."

சேந்தன் இப்படிக் கேட்டபோது அங்கம்மை ஒரு காளையின் வாய்க்குள் கையை விட்டுப் பல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயில கை வச்சிருக்கேன், தெரியல? நில்லு."

நின்றான்.

இரண்டு சிறு நாடுகளுக்கு நடுவே ஓடும் ஆற்றில் ஒரு மணல்திட்டு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத இடம். திங்கள்தோறும் அங்கே மாட்டுச் சந்தை கூடும். அங்கம்மை அந்தச் சந்தையின் தரகர். மாடு வாங்க வருகிறவர்களைவிட அவளிடம் புத்தி கேட்க வருகிறவர்கள் அதிகம். திட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதைவிட அதிகம்.

சேந்தன் அவளிடம் பேரம் படித்தவன். அவளைவிட நான்கு வயது மூத்தவன். இருந்தாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். தொழில் சொல்லிக்கொடுத்தவளை வேறெப்படிக் கூப்பிடுவது? இப்போது அவன் மலைநாட்டு அரசின் ஆயுதக் கொள்முதல் அதிகாரி.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ம். விரி."

மணலில் காகிதத்தை விரித்தான். பாய் அகலத்துக்கு இருந்தது. இடப்பக்கம் வடக்கு வல்லரசின் பீரங்கி. வலப்பக்கம் மேற்கு வல்லரசின் பீரங்கி. எடை, குண்டு போகும் தூரம், நிமிடத்துக்கு எத்தனை குண்டு, பனியில் ஓடுமா, சேற்றில் ஓடுமா. நாற்பத்திரண்டு வரிசை.

"ஆறு மாச வேலைக்கா. எவனும் என்னை ஏமாத்த முடியாது."

"இது என்ன கடைசி வரிசை?"

"ஏற்றுமதி. வடக்கன் முப்பத்தோரு நாட்டுக்கு வித்திருக்கான். மேற்கத்தியான் ஐம்பத்தாறு."

"ஐம்பத்தாறா!"

"ஆமாக்கா. சரக்கு மட்டமா இருந்தா இத்தனை பேர் வாங்குவாங்களா?"

"அந்த ஐம்பத்தாறு நாடும் வாங்கிட்டு யாரைச் சுடுது?"

சேந்தன் காகிதத்தைப் பார்த்தான். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தான்.

"அதுக்கு வரிசை போடலக்கா."

அவள் குந்தி உட்கார்ந்தாள்.

"வடக்கன் தன்னோட படைக்கும் இதைத்தான் வச்சிருக்கானா?"

"இல்ல. அவங்களுக்கு வேற. இது ஏற்றுமதிக்குன்னே தனியாப் பண்றது."

"மேற்கத்தியான்?"

"அவனும் அப்படித்தான்."

"கறவையை வீட்ல கட்டிட்டு அடிமாட்டைச் சந்தைக்கு ஓட்டியாந்திருக்கானுங்க. நீ எந்த அடிமாடு ஒசத்தின்னு ஆறு மாசமா எழுதியிருக்க. உனக்கா நான் தொழில் சொல்லிக்குடுத்தேன்?"

அவனுக்கு முகம் கறுத்தது.

"திட்டுங்க. ஆனா பதிலைச் சொல்லிட்டுத் திட்டுங்க. நாளைக்கு ராஜசபையில நான் கை காட்டணும். எந்தப் பீரங்கியக் காட்டுறேனோ, அது எல்லைக் கணவாய்க்குப் போகும். அது பின்னாடி என் தம்பி நம்பி நிப்பான். தப்பான பீரங்கின்னா முதல்ல சாவுறது அவன்."

அங்கம்மைக்கு நம்பியைத் தெரியும். இதே திட்டில் கன்றுகளோடு ஓடித் திரிந்தவன்.

"சரி. பீரங்கி இப்ப எதுக்கு?"

"அக்கரை நாட்டான் வாங்குறானே! நூறு வாங்குறான். நாங்க நாற்பதாவது வாங்க வேணாமா?"

"நூறுன்னு உனக்கு யார் சொன்னா?"

"வடக்கு முகவர்."

"அவன் சொன்னா நம்பிடுவியா?"

"சும்மா நம்புவேனா? மேற்கு முகவர்கிட்டயும் கேட்டேன். அவரும் நூறுன்னுதான் சொன்னாரு. போட்டோகூடக் காட்டினாரு."

"ஒருத்தனை ஒருத்தன் கழுத்தறுக்கிற ரெண்டு பேரும் அந்த ஒண்ணுல மட்டும் ஒத்துப்போனாங்களா?"

சேந்தன் மணலிலிருந்த காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினான்.

அந்த நேரம் இரண்டு பரிசல்கள் திட்டில் வந்து முட்டின. ஒன்றில் வடக்கு முகவர். இன்னொன்றில் மேற்கு முகவர். கொள்முதல் அதிகாரி தனியாக எங்கோ போகிறான் என்றதும் இருவருக்குமே பொறுக்கவில்லை. மற்றவன் வளைத்துவிடுவானோ என்ற பயம். சாணியை மிதித்துக்கொண்டே வந்தார்கள்.

"சேந்தன் ஐயா, இவர் பீரங்கி மழை பெய்தால் சுடாது. குடை பிடிக்க ஒரு ஆள் வேண்டும்," என்றார் வடக்கு முகவர்.

"இவருடையது சுடும். எந்தப் பக்கம் சுடும் என்றுதான் சொல்ல முடியாது," என்றார் மேற்கு முகவர்.

"முப்பத்தோரு நாடு!"

"ஐம்பத்தாறு!"

காளை மிரண்டது.

"ஏய், சந்தைக்குள்ள கத்துறதுன்னா கயிறு கட்டிட்டுக் கத்துங்க," என்றாள் அங்கம்மை.

பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டினாள். அக்கரைப் பக்கமிருந்து வந்திருந்த ஒல்லியான ஒருவர் எழுந்து வந்தார். கையில் கயிறு இருந்தது, மாடு இல்லை. அக்குளில் ஒரு காகிதச் சுருள்.

அங்கம்மை தோளிலிருந்த துண்டை உருவினாள்.

அந்தச் சந்தையில் பேச்சு வாயால் நடக்கும். விலை விரலால் நடக்கும். இரண்டு கைகள் துண்டுக்குள் போகும். நீட்டிய விரலைத் தொட்டுத்தான் தொகை தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய் எந்தப் பொய்யும் சொல்லலாம். விரல் சொல்லக் கூடாது. விரலில் பொய் சொன்னவன் கைமேல் அந்தத் திட்டில் மறுபடி யாரும் துண்டு போடமாட்டார்கள். அப்படி இதுவரை மூன்று பேர். மூவரையும் பெண்டாட்டிகூட நம்பவில்லை என்று பேச்சு.

"சேந்தா, கையைக் குடு. நீங்களும் குடுங்க, உடையப்பன்."

துண்டு விழுந்தது.

சேந்தன் காத்திருந்தான். எதிரே நிற்கிறவன் விற்கிறவன், விலையை அவன்தான் முதலில் சொல்ல வேண்டும். எதிர்க் கை அசையவில்லை. அதுவும் காத்திருந்தது.

"என்னய்யா, என்ன விக்கிற?"

"நானா? நீதானே விக்கிற?" என்றார் உடையப்பன்.

பின்னால் நின்ற மேற்கு முகவருக்கு வாய் அடங்கவில்லை. "உடையப்பன் ஐயா! நீங்கள் எப்படி இங்கே? நாளைக்கு நம் சந்திப்பு…" என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சேந்தன் அந்தக் காகிதச் சுருளைப் பார்த்தான். ஓரம் பிரிந்திருந்தது. இடப்பக்கம் ஒரு பீரங்கி. வலப்பக்கம் ஒரு பீரங்கி.

"அக்கரை நாட்டுக்கு ஆயுதம் வாங்குறவரு," என்றாள் அங்கம்மை. "போன சந்தையில வந்து உன் கேள்வியவே கேட்டாரு. உன்னைவிடப் பெரிய காகிதம்."

சேந்தன் கையை உருவப் பார்த்தான். அவள் துண்டின்மேல் அழுத்திப் பிடித்தாள்.

"இங்க ரெண்டு பேரும் வாங்க வந்தவங்க. விலை சொல்ல ஆளில்லை. எத்தனை வாங்கப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. விரலுக்குப் பத்து பீரங்கி."

"ஐயா, இது சரியில்லை," என்றார் வடக்கு முகவர்.

"நான் சொல்ல வந்ததும் அதுதான்," என்றார் மேற்கு முகவர். முதல்முறையாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

சேந்தன் நான்கு விரலை நீட்டினான். பொய் சொல்ல ஆசையாக இருந்தது. விரல் கேட்கவில்லை.

எதிர்க் கையைத் தொட்டான். நூறு என்றால் முழுக் கையும் இரண்டு தடவை விரிய வேண்டும்.

நான்கு விரல்.

மறுபடி தடவினான். கட்டைவிரல் மடங்கியிருந்தது. நான்குதான்.

உடையப்பன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க நூறு வாங்குறதாச் சொன்னாங்களே," என்றார் மெதுவாக.

"உங்களையும் அப்படித்தான் சொன்னாங்க."

"கணவாயில உங்க ஆள் இருக்கா?"

"தம்பி. உங்களுக்கு?"

"மகன்."

சேந்தன் உடையப்பனை ஏற இறங்கப் பார்த்தான்.

இவன் திட்டுக்குப் புதியவன், வழக்கம் தெரியாமல் புளுகினால்? நாற்பதை இங்கே காட்டிவிட்டு அறுபதை அங்கே மறைத்திருந்தால்? மகன் என்பதே பொய்யானால்? உள்ளங்கை வேர்த்திருந்தது. தன் வேர்வையா, அவன் வேர்வையா, தெரியவில்லை.

சேந்தன் ஒரு விரலை மடக்கினான்.

எதிர்க் கையில் நான்கும் அப்படியே நின்றன. ஆறு மாத வேலை, அரை நொடியில் பத்து பீரங்கியைத் தூக்கிக் கொடுத்தாகிவிட்டது. முட்டாள். நம்பிக்கு என்ன பதில் சொல்வது?

ஈ ஒன்று துண்டின்மேல் உட்கார்ந்து, நடந்து, பறந்தது.

எதிர்க் கையில் ஒரு விரல் மடங்கியது.

"விலையைக் குறைக்கிறேன்!" என்றார் வடக்கு முகவர். எதுவும் தெரியவில்லை, ஆனால் இருவரும் பேசாமல் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு பக்கமும் இன்னொரு விரல் மடங்கியது. இன்னும் தாமதமாக, இன்னொன்று.

"பயிற்சி இலவசம்! உதிரி பாகம் இலவசம்!" என்றார் மேற்கு முகவர்.

இரண்டு கையிலும் ஒவ்வொரு விரல் மிஞ்சியது. அது மடங்கவில்லை. நீ முதலில் என்றது ஒன்று. நீ முதலில் என்றது மற்றது. மாடுகள் நிழல் மாறிப் படுத்தன. யாரோ ஒருவன் எருமையை விற்றுவிட்டுப் போய்விட்டான்.

மேற்கு முகவரால் தாங்க முடியவில்லை. பாய்ந்து துண்டைப் பிடுங்கினார்.

வெயிலில் இரண்டு கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு விரல், எதிராளியின் வயிற்றை நோக்கி.

"பத்து!" முகவர் மூச்சு விட்டார். "பத்தென்றாலும் பரவாயில்லை. எழுதிக்கொள்வோம்."

அங்கம்மை அவர் மணிக்கட்டில் ஓங்கி அறைந்தாள். துண்டு அவள் கைக்கு வந்தது.

"உள்ள கை இல்லாதவன் துண்டைத் தொடக் கூடாது. பேரம் கலைஞ்சது. பழசெல்லாம் கணக்கில்லை. முதல்லேருந்து."

"முதல்லேருந்தா?" சேந்தன் அதிர்ந்தான்.

"வழக்கம். உனக்காக மாத்த முடியுமா?"

துண்டை மறுபடி விரித்தாள்.

பழசு கணக்கில்லை என்றால் அவன் எதைக் காட்டுவான்? நான்கா? நூறா? முன்பு விட்டுக்கொடுத்தது போதும். இந்த முறை அவன் முதலில் இறங்கட்டும். சேந்தன் நான்கு விரலையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு கையை உள்ளே நுழைத்தான்.

உடையப்பனின் கை முன்னாலேயே வந்து காத்திருந்தது.

சேந்தன் தொட்டான். விரலைத் தேடினான். ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்த்தான்.

ஒரு விரலும் நீட்டியிருக்கவில்லை.

"எத்தனை?" என்றார் வடக்கு முகவர்.

"எத்தனை ஐயா, எத்தனை?" என்றார் மேற்கு முகவர்.

சேந்தன் தன் நான்கு விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தான்.