வெளியே தள்ளின கம்ப்யூட்டர்

மொண்டிக்குளத்து ஆட்களுக்குப் புத்தி இல்லைன்னு யாரும் சொல்லிடக் கூடாது. இருக்கு. எடுத்துச் செலவழிக்கத்தான் மனசு வராது.

அந்த ஊரில் மூணு பேருக்கு டவுனில் கம்ப்யூட்டர் வேலை கிடைச்சது. தவசிலிங்கம், சீனிச்சாமி, உலகம்மாள். ஆடு வளர்ப்பவர்கள் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் தயாராகி இருந்தது. அதில் உறுப்பினர் மட்டும் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போகலாம், மற்றவர் போகக் கூடாது. அது சரியா நடக்குதான்னு பார்த்துச் சொல்வதுதான் வேலை.

முதலாளி எப்சிபா மேடம் மூணு விஷயத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒண்ணு, தான் கொடுத்த பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது. ரெண்டு, லாகின் பண்ணாத ஆள் உள்ளே இருக்கக் கூடாது, இருந்தால் எழுதி வைக்கணும். மூணு, உள்ளே போய்ப் பத்து நிமிஷம் எதுவுமே செய்யாமல் இருக்கணும், வெப்சைட் தானாக வெளியே தள்ளணும். நாலு மணிக்கு வருவேன், அறிக்கை தயாரா இருக்கணும்னு சொல்லிட்டு அவர் வெளியே போனார்.

தவசிலிங்கத்துக்கு அன்றைக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவனுக்குப் பேசி முடித்த பெண்ணின் அப்பா ஆவுடைநாயகம் பக்கத்து ஊர்க்காரர். அந்த ஊருக்கும் மொண்டிக்குளத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான், வேற வித்தியாசம் கிடையாது. மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தாம்பூலம் மாற்றுவேன்னு சொல்லியிருந்தார். மூணு மணிக்கு வருகிறார்.

கம்ப்யூட்டரைத் திறந்ததும், பாஸ்வேர்டைத் தரவும்னு கேட்டது.

மூணு பேரும் திரும்பிச் சுவரில் ஒட்டின தாளைப் படித்தார்கள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க," என்றான் தவசிலிங்கம்.

"இது யாருமில்லையே தம்பி, மிஷின்தானே," என்றாள் உலகம்மாள்.

சீனிச்சாமி திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தான். "கேள்வி கேக்குதுல்லா, அக்கா. யாருமில்லாம எப்படிக் கேக்கும்?"

அதுவும் நியாயமாத்தான் பட்டது. கடைசியில் உலகம்மாள் ஒரு துண்டை எடுத்துத் திரையை மூடினாள். கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் பாஸ்வேர்டை அடித்தார்கள். துண்டை விலக்கினால் எழுத்து ஒண்ணும் இல்லை, வரிசையா புள்ளிதான் இருந்தது.

"பாத்தியளா, அதுக்குத் தெரியல. உத்தேசமா புள்ளி வச்சிருக்கு," என்றான் சீனிச்சாமி. ஒரு பட்டனைத் தட்டினதும் உள்ளே விட்டுவிட்டது.

இனிமேல் பத்து நிமிஷம் எதுவுமே செய்யக் கூடாது. மூணு பேரும் கையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மூச்சு விடலாமான்னு ஒரு சந்தேகம் வந்தது. அது நம்ம விடுறதில்லை, அதுவா போய் வருதுன்னு உலகம்மாள் தீர்த்து வைத்தாள். ஆறாவது நிமிஷத்தில் சீனிச்சாமி தும்மினான். முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நாலாவது நிமிஷத்தில் தவசிலிங்கத்தின் போன் அடித்தது, மாமனார்தான். எடுக்க முடியுமா? ஆனாலும் கை லேசாத் துடித்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து.

ஆவுடைநாயகம் வழி விசாரித்துத் தானாகவே வந்து சேர்ந்தார். வாங்கன்னு சொல்ல ஆள் இல்லை. மூணு பேரும் அசையாமல் இருந்தார்கள். "மாப்ளே," என்றார். தவசிலிங்கத்தின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் மட்டும் இறங்கியது. கல்யாணம் கையை விட்டுப் போகுது, ஆனால் இது எட்டாவது நிமிஷம்.

ஆவுடைநாயகம் மூணு பேரையும் சுற்றி வந்து பார்த்தார். நாற்காலி இருக்கு. தலைக்கு மேலே ஃபேன் ஓடுது. செய்வதற்கு ஒண்ணுமே இல்லை. இவ்வளவு பெரிய உத்தியோகத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. காலி நாற்காலியில் மரியாதையா அவரும் உட்கார்ந்துகொண்டார்.

பத்து நிமிஷம் முடிந்தது. திரையில், நேரம் முடிந்தது, நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்னு வந்தது.

மூணு பேரும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவுக்குப் போய் நின்றார்கள்.

"இப்ப உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"என் மாமனாரு."

"லாகின் பண்ணினாரா?"

இல்லையேன்னான் தவசிலிங்கம். இது ரெண்டாவது விதி, எழுதி வைக்கணும். தாளும் பேனாவும் உள்ளே. இவர்களோ வெளியேற்றப்பட்டவர்கள். ஜன்னல் கம்பி வழியாக விஷயத்தைச் சொன்னான். ஆவுடைநாயகம் சுவரில் இருந்ததைப் படித்துப் பார்த்து, பொறுப்பை உணர்ந்து, லாகின் பண்ணாத ஆள் இனி யாரும் வரக் கூடாதுன்னு முதல் வேலையாக் கதவை உள்ளே தாழ் போட்டார். பிறகு எழுதினார்: லாகின் பண்ணாமல் ஒரு ஆள் உள்ளே இருக்கிறார். நான்தான்.

"மாப்ளே, பாஸ்வேர்டச் சொல்லும். தொறக்கேன்."

"சொல்லக் கூடாது மாமா."

"பொண்ணு வேணுமா வேண்டாமா வே?"

தவசிலிங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். "வேணும் மாமா. ஆனா சொல்ல மாட்டேன்."

ஆவுடைநாயகத்துக்கு மனசு குளிர்ந்துபோச்சு. வீட்டு விஷயம் வெளியே போகாது, இவன்தான் மாப்பிள்ளைன்னு அங்கேயே முடிவு பண்ணினார்.

நாலு மணிக்கு எப்சிபா மேடம் வந்தார். தெருவில் மூணு பேர், உள்ளே யாரோ ஒருத்தர். கதவைத் தட்டினார்.

"லாகின் பண்ணிட்டியளாம்மா?" என்று கேட்டார் ஆவுடைநாயகம்.

மேடம் கோபத்தில் பாஸ்வேர்டைச் சத்தமாகவே சொன்னார். ஆவுடைநாயகம் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கு. நீங்க தெருவுக்கே சொல்லிட்டிய. இனி அது செல்லாதும்மா."

புதுப் பாஸ்வேர்ட் வைக்கக் கம்ப்யூட்டர் வேணும், கம்ப்யூட்டர் உள்ளே இருந்தது. இப்படியே நாள் ஓடி முகூர்த்தமும் வந்துவிட்டது. நாள் தள்ளக் கூடாதுன்னு ரெண்டு ஊரும் அந்த ஜன்னலுக்கு முன்னாடியே பந்தல் போட்டது. ஆவுடைநாயகம் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டிப் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தார். பந்திச் சாப்பாடும் அவருக்குக் கம்பி வழியாத்தான் போனது. அப்பளம் மட்டும் நுழையவில்லை. லாகின் பண்ணியிருக்காதுன்னு சொல்லிவிட்டு அவர் ரசத்துக்குப் போய்விட்டார்.